விண்வெளிக் கேம்பெய்னுக்குப் புதுக் கதை எங்கே கிடைக்கும்? அல்சூர் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் சனிக்கிழமைதோறும் ஐந்தாறு பேர் கூடி ரோல்-பிளேயிங் கேம் ஆடுகிறோம்: ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை நடத்துவது. கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவன், நான். வேறு யாரும் அந்த வேலைக்கு வர மாட்டேன் என்றதால் வந்த பதவி. ஆடுவது பெரும்பாலும் அறிவியல் புனைவுதான்; வாளும் மந்திரமும் எங்கள் கூட்டத்துக்கு ஒட்டவில்லை. பெங்களூரில் புதிதாக மேசை போடுகிறவர்கள், அதாவது ஆடக் கூட்டம் சேர்க்கிறவர்கள், திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன். இனி யாராவது இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் இதை அனுப்பிவிட்டுத் தூங்கலாம்.

கேம்பெய்ன் எதற்கு? ஒன்-ஷாட் போதாதா?

ஒரே உட்காரலில் முடிந்தால் ஒன்-ஷாட். அதே கதாபாத்திரங்களோடு, அதே உலகத்தில் பத்து இருபது செஷன், அதாவது உட்காரல், போனால் கேம்பெய்ன். ஒன்-ஷாட்டுக்கு ஒரு சம்பவம் போதும். கேம்பெய்னுக்கு லேசில் தீராத ஒரு வழக்கு வேண்டும். பங்காளிகளின் சொத்துத் தகராறு மாதிரி.

நான் யோசிப்பதெல்லாம் ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது. ஏன்?

பார்த்ததுதான், அதனால்தான். விண்வெளிக் கதை வேண்டும் என்றவுடன் நாம் போய் நிற்பது இன்னொரு விண்வெளிக் கதையின் வாசலில். கைவிடப்பட்ட நிலையம், உள்ளே ஏதோ ஒரு ஜந்து. பேராசை பிடித்த கம்பெனி. பைத்தியம் பிடித்த கணினி. பழைய நாகரிகம் விட்டுப்போன மர்மக் கல். இந்த நாலில் மூன்றை நானும் நடத்தியிருக்கிறேன். மூன்றாவது கேம்பெய்னின் இரண்டாவது செஷனிலேயே ஒரு பையன், "அண்ணா, கடைசியில கம்ப்யூட்டர்தான வில்லன்?" என்று கேட்டுவிட்டான். அதற்கு மேல் ஆறு வாரம் ஓட்டியது என் பிடிவாதம்.

அந்த ஆறு வாரத்தில் ஒருநாள் அம்மா பஜ்ஜித் தட்டோடு மாடிக்கு வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "ஏன்டா, இந்தக் கப்பலுக்கு டீசல் யாருடா போடறாங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னிடம் பதில் இல்லை. எட்டு செஷனாக விண்மீன் விட்டு விண்மீன் தாவியவர்கள் ஒரு இடத்திலும் காசு கொடுத்ததில்லை, வரிசையில் நின்றதில்லை, யாருக்கும் கடன்பட்டதில்லை.

அன்றிலிருந்து நான் யோசனை தேடும் வழியே மாறிவிட்டது. உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தில் நிஜமாக நடந்த ஒரு தகராறு முதலில் வேண்டும். பிறகு விண்வெளியின் கட்டுப்பாடு ஒன்றை, அதாவது தூரமோ காற்றோ எடையோ நேரமோ எதையாவது ஒன்றை, அதன் கழுத்தில் கட்ட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சப்பென்று போய்விடும். தகராறு மட்டும் இருந்தால் அது மெகா சீரியல். கட்டுப்பாடு மட்டும் இருந்தால் இயற்பியல் வகுப்பு.

தெருத் தகராறு கேம்பெய்ன் ஆகுமா? உதாரணம் சொல்லுங்கள்.

தண்ணீர். 2024 கோடையில் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போர்வெல் வறண்டது, டேங்கர் விலை ஏறியது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவேரி கீழே ஓடுகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் மேலே ஏற்றித்தான் குழாயில் தண்ணீர் வருகிறது. ஒரு விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றுவதும் இதே வேலைதான்: ஆழத்திலிருந்து மேலே, பணம் கொடுத்து.

இதற்குள் இன்னொரு சரக்கு இருக்கிறது. காவேரி நடுவர் மன்றம் கணக்குப் போட்டபோது, பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் ஆற்றுப் படுகைக்குள் வருகிறது என்று சொல்லி நகரத்தின் தேவையைக் குறைத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், குடிநீருக்காக நகரத்துக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்தது. நியாயம் யார் பக்கம் என்று நான் இங்கே பேச வரவில்லை. ஒரு நகரத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு ஓடுகிறது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் தாகம் கணக்கில் வராது. இதைவிட நல்ல ஆரம்பம் எந்த மர்மக் கல்லில் கிடைக்கும்?

நான் இதை நிலவின் தென்முனைக்குக் கொண்டுபோனேன். அங்கே வெயிலே படாத பள்ளங்களில் பனி இருக்கிறது. நிலையத்தின் ஒரு பாதி அந்தப் பள்ளத்தின் எல்லைக்குள், மறு பாதி வெளியே. வெளிப் பாதிக்கு டேங்கர். ஆட்டக்காரர்கள் டேங்கர் ஓட்டுகிறவர்கள். முதல் செஷனின் முதல் காட்சியே அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டம்தான். பகடை உருட்டுவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பதினான்கு செஷன் போனது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஒரு சம்ப் பூட்டு மட்டும் உடைந்தது.

குடும்பத்திலிருந்து என்கிறீர்களே, எங்கள் குடும்பத்தில் ஒன்றும் சுவாரசியமாக நடந்ததில்லையே?

பெங்களூர்த் தமிழர் இப்படிச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். எங்கள் மேசையில் கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்து அக்கா ஒருவர் ஆடுகிறார். அவரும் முதலில் இதையேதான் சொன்னார். "எங்க தாத்தா மைன்ஸ்ல இருந்தாரு, அவ்ளோதான்."

அவ்ளோதானாம்! கோலார் தங்கவயலில் 1880 முதல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி தோண்ட ஆரம்பித்தது. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து இறங்கின. 1902-இல் சிவனசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து நேராக இந்தச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது அதற்குப் பிறகு 1905-இல்தான். தோண்டத் தோண்ட ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. அவ்வளவு ஆழத்தில் பாறை தன் மேலிருக்கும் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். ஊர் மட்டும் அங்கேயே நிற்கிறது, சயனைடு மண் மேடுகளோடு. இன்றைக்கும் அங்கிருந்து விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள்.

இதை அப்படியே ஒரு சிறுகோளில் வையுங்கள். வேலை வாங்கிய கம்பெனி போய்விட்டது. ஆட்கள் போகவில்லை. பக்கத்து நிலையத்துக்குத் தினமும் ஷட்டில் பிடித்துப் போய், சுத்தம் செய்து, காவல் காத்து, இரவு திரும்புகிறார்கள். வீடு கம்பெனியுடையது, கம்பெனி இல்லை. அப்படியானால் வீடு யாருடையது?

இன்னொன்றும் உண்டு. 1965-இல் இதே தங்கவயலின் ஆழத்தில்தான், காஸ்மிக் கதிர்களால் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களைப் பதிவு செய்தார்கள். மேலே இருக்கும் பாறை மற்ற துகள்களையெல்லாம் வடிகட்டிவிடுவதால் அத்தனை ஆழம் தேவைப்பட்டது. தங்கம் எடுக்கும் ஆளும் துகள் தேடும் விஞ்ஞானியும் ஒரே லிஃப்டில் இறங்கும் காட்சியை யோசித்துப் பாருங்கள். எங்கள் சிறுகோளில் சுரங்கத்தை மூடியபின் தண்ணீர் ஏறுகிறது, ஆனால் அடித்தளத்தில் ஒரு கருவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது எதையோ பதிவு செய்துகொண்டே இருக்கிறது. அது என்ன என்று எனக்கே எட்டாவது செஷன்வரை தெரியாது. (அக்காதான் கண்டுபிடித்துச் சொன்னார். நானும் தெரிந்த மாதிரியே தலையாட்டினேன்.)

எவ்வளவு அறிவியல் தெரிந்திருக்க வேண்டும்?

ஒரு கேம்பெய்னுக்கு ஒரே ஒரு எண் போதும். ஆனால் அந்த எண்ணை நீங்கள் ஏமாற்றக் கூடாது.

நிலவுக்கு ஒளி போக 1.3 நொடி. செவ்வாய்க்கு, இரண்டு கிரகங்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம்வரை. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில், பீன்யாவிலுள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்தில் நிலவில் இறங்கிக்கொண்டிருந்த விக்ரம் லேண்டரின் தொடர்பு, அது தரைக்கு 2.1 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே வந்தபின் அறுந்துபோனது. நாடே டிவி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதே காட்சி செவ்வாயில் நடந்தால், திரையில் எண் நிற்கும்போது அங்கே எல்லாம் முடிந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆட்டத்தில் இதை நான் நேரடியாகவே செய்தேன். பூமிக்குக் கேள்வி அனுப்பினால், போன் டைமரில் பதினைந்து நிமிடம் வைத்துவிடுவேன். போகப் பதினைந்து, வரப் பதினைந்து. பதில் வருவதற்குள் அவர்களே முடிவெடுத்தாக வேண்டும். மூன்றாவது தடவை பூமியிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு காலனி எப்படித் தாய்நாட்டிடமிருந்து பிரிகிறது என்பதற்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதோடு சேர்த்துக்கொள்ள இன்னொன்று: ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் குறுக்கே வந்துவிடும். அப்போது சுமார் இரண்டு வாரம் செவ்வாய்க் கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்தி வைப்பார்கள். இரண்டு வாரம் அப்பா ஊரில் இல்லாத வீடு. கேம்பெய்ன் அங்கேதான் தொடங்கும்.

எண் இன்னொன்று வேண்டுமென்றால், எடையை உண்டாக்குவதற்காகச் சுழலும் நிலையம். நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுற்றி, ஓரத்தில் பூமியின் எடை கிடைக்க வேண்டுமானால் ஆரம் சுமார் 224 மீட்டர் இருக்க வேண்டும். மையத்தை நோக்கி ஏற ஏற எடை குறையும். பாதி தூரத்தில் பாதி எடை. அப்படியானால் முட்டிவலிக்காரர்கள் மேல் மாடிக்கு அடித்துக்கொள்வார்கள், வாடகை எடையைப் பொறுத்து இருக்கும், பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஓனரும் அங்கே இருப்பார்.

வரலாற்றிலிருந்து எடுக்கலாமா? சோழர் கப்பற்படையை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோனால்?

எல்லாரும் படையைத்தான் எடுக்கிறார்கள். ராஜேந்திரன் 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தது உண்மைதான், ஆனால் படையெடுப்பு மூன்று செஷனில் முடிந்துவிடும். வியாபாரிகளை எடுங்கள். சுமத்ராவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. ராஜா போனாலும் வந்தாலும் இவர்கள் கடை நடந்தது, காவலுக்குச் சொந்தமாக ஆட்களும் இருந்தார்கள். காற்று திசை மாறும்வரை அந்நியத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்பத் தோதான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பருவக்காற்றேதான்! காத்திருக்கும் மாதங்களில் என்ன நடக்கும் என்பதுதான் கேம்பெய்ன்: கல்யாணம், கடன், கோயில் கட்டுவது, உள்ளூர்க்காரனோடு உரசல்.

உத்திரமேரூர்க் குடவோலையும் அருமையான சரக்கு. முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு. வயது 35-க்கு மேல், 70-க்குள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் நிற்கக் கூடாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உள்ளேயே பிறந்து வாழும் விண்கப்பல் ஒன்றில் இதே முறை முந்நூறு வருடமாக நடக்கிறது என்று வையுங்கள். இந்த வருடம் ஓலை எடுத்த பையனுக்கு முன்கூட்டியே யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் அந்தப் பையனின் மாமன்கள்.

சோவியத் விண்வெளி வீரர் செர்கேய் கிரிகாலியோவையும் மறந்துவிட வேண்டாம். 1991 மே மாதம் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். மேலே இருக்கும்போதே அவரை அனுப்பிய நாடு கலைந்துபோனது. 1992 மார்ச்சில் இறங்கியபோது அவர் ஊர் லெனின்கிராடின் பெயரே மாறியிருந்தது. சம்பளம் யார் தருவார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். எங்கள் அம்மா அதைத்தான் கேட்பார்.

வெளியான விளையாட்டுப் புத்தகங்களில் யோசனை கிடைக்காதா?

கிடைக்கும், கதையில் தேடாமல் விதிகளில் தேடினால். 1977-இல் வந்த டிராவலர் விளையாட்டில் கப்பலைப் பெரும்பாலும் கடனில்தான் வாங்க வேண்டும். மாதம் விலையில் 240-இல் ஒரு பங்கு, 480 மாதத்துக்கு. பெருக்கிப் பாருங்கள், இரண்டு மடங்கு கட்டி முடிக்க நாற்பது வருடம். ஹோம் லோன் எடுத்து எலக்ட்ரானிக் சிட்டியில் ஃபிளாட் வாங்கிய எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "இது புனைவே இல்ல மச்சி" என்றார். அம்மாவின் டீசல் கேள்விக்கு நான் பிறப்பதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதே விளையாட்டில் செய்தியும் கப்பலில்தான் போகும், ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வாரம். தந்திக்கு முந்தைய உலகம்.

2010-இல் வந்த ஸ்டார்ஸ் விதவுட் நம்பர் புத்தகத்துக்கு இலவசப் பதிப்பே உண்டு. அதில் ஒவ்வொரு கிரகத்துக்கும் அதன் தன்மையைச் சொல்லும் இரண்டு குறிச்சொற்களைப் பகடை போட்டு எடுப்பார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வந்தால் விடாதீர்கள். மாற்றி உருட்டுவது சோம்பேறித்தனம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் நூறு யோசனை தருகிறதே?

தருகிறது. நூறும் அந்த நாலு வகைக்குள் வரும். துணைப் பாத்திரங்களுக்கு முப்பது பெயர் கேளுங்கள், கப்பலின் சரக்குப் பட்டியல் கேளுங்கள், நன்றாகச் செய்யும். உங்கள் பெரியப்பா ஏன் பாகப்பிரிவினைக்கு வரவில்லை என்று அதற்குத் தெரியாது.

எங்கள் மேசையில் கன்னடர், தமிழர், பாட்னாக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். காவேரியெல்லாம் எடுத்தால் சண்டை வராதா?

வரும். அதனால் செஷன் ஜீரோ கட்டாயம். ஆட்டம் தொடங்குமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பேசிவிடுங்கள். நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: எந்த அணியையும் நிஜத்திலுள்ள ஒரு மாநிலத்தோடு அப்படியே பொருத்த மாட்டேன். தண்ணீர்க் கதையில் பள்ளத்துக்கு வெளியே இருந்த மேட்டுப் பாதிக்காக வாதாடியது தமிழர்கள், டேங்கர் சங்கத்தை நடத்தியது ஹாசன் ஊர்க்காரர். இடம் மாறி உட்கார்ந்தவுடன் எல்லாருக்கும் நாக்கு வேறு மாதிரி பேச ஆரம்பித்தது.

எங்கள் ஏரிக்கரையிலேயே ஓர் உதாரணம் நிற்கிறது. திருவள்ளுவர் சிலை 1991-இலிருந்து மூடியே கிடந்து, 18 வருடம் கழித்து 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். சில நாள் தள்ளி சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. இந்தக் கதையை ஆட்டத்துக்குக் கொண்டுவரும் யோசனையைக் கொடுத்தது எங்கள் கன்னட நண்பர்தான். இரண்டு நிலையங்கள், இரண்டிலும் துணி மூடிய ஒரு சிலை. யாருடைய சிலை என்பது இளைய தலைமுறைக்குத் தெரியாது. துணியை எடுக்கும் ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கத்தான் ஆட்டக்காரர்கள் போகிறார்கள்.

எவ்வளவு முன்கூட்டியே எழுதி வைப்பது?

அடுத்த செஷனுக்கு மட்டும். ஒரு பக்கம். மிச்சத்தை அவர்களே எழுதிவிடுவார்கள்.

என் யோசனை தேறுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த விளையாட்டே ஆடாத ஒருவரிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "நல்லா இருக்கே" என்றால் தேறாது. "அப்புறம்?" என்றால் பரவாயில்லை. "அதெப்படி, அவன் எப்படி அப்படிப் பண்ணலாம்?" என்று யாரோ ஒருவர் மேல் கோபம் வந்துவிட்டால் உடனே நாள் குறியுங்கள். சிறுகோள் கதையை அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது: "வீட்டுப் பட்டாவாவது குடுத்தாங்களா இல்லியா?"

பலமுகப் பகடை இல்லை. இப்போதே தொடங்க வேண்டும். என்ன செய்வது?

சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு போதும். டிராவலர் முழுக்க அதில்தான் ஓடுகிறது. அதுவும் இல்லையென்றால் பாட்டி வீட்டுப் பரணில் தாயக்கட்டை இருக்கும். கட்டைக்கு நாலு முகம்: வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு கட்டையின் முனையில் குங்குமம் வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள். குங்குமக் கட்டையின் எண்ணை நாலால் பெருக்கி, மற்றதைக் கூட்டினால் 0 முதல் 15 வரை பதினாறு விடைகள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. தெருவில் பார்த்த பதினாறு தகராறுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள், இன்னொரு தாளில் பதினாறு கட்டுப்பாடுகளை. இரண்டு தடவை உருட்டுங்கள். போன மாதம் எங்களுக்கு வந்தது: "மாடி வீட்டுக்காரர் துணி காயப்போடும் கொடி" என்பதும் "இரண்டு வாரம் பூமியோடு பேச முடியாது" என்பதும். நாலாவது செஷன் இந்தச் சனிக்கிழமை.